பீரோவில் தூங்கும் பழைய போன்

தீபாவளிக்கு முன்னால் பீரோவை ஒழித்துத் துடைக்கும்போது, மேல் தட்டின் மூலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டாயம் வெளியே வரும். அதற்குள் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், ஒற்றைத் தோடு, பழைய ரேஷன் கார்டின் அட்டை, கூடவே இரண்டோ மூன்றோ பழைய செல்போன்கள். என்ன சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் உண்டுதானே? "எதுக்கு இந்தக் குப்பை, தூக்கிப் போடு" என்பார் வீட்டுக்காரர். "இருக்கட்டுமுங், என்னிக்காவது ஆகும்" என்று நாமும் அதே மூலையில் மறுபடி வைத்துவிடுவோம். இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் ஓடிப் போயிற்று.

இந்த முறை அதை மூலையில் வைக்க வேண்டாம். மேஜைக்குக் கொண்டு வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் கல்யாணப் போட்டோக்கள் ஆல்பத்தில் இருக்கின்றன. அட்டை உரிந்தாலும், பூச்சி அரித்தாலும், எடுத்துப் பார்க்க முடிகிறது. இப்போது எடுக்கும் போட்டோக்களை நாம் கேட்காமலேயே கூகுள் எங்கேயோ சேர்த்து வைத்துக்கொள்கிறது. கூகுள் போட்டோஸ் வந்தது 2015-ல். ஆல்பம் போடும் பழக்கம் நின்றதற்கும் இதற்கும் நடுவே ஒரு பத்து வருஷம் இருக்கிறதே, அந்தப் பத்து வருஷத்தில் பிறந்த பிள்ளைகளின் முதல் நடை, காது குத்து, முதல் நாள் பள்ளிக்கூடம் எல்லாம் எங்கே? கேமரா வைத்த பட்டன் போனில். வேறு எங்கேயும் இல்லை! பிரிண்ட் போட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தங்கை கல்யாணத்தில் பாடிய மங்கல வாழ்த்து, சீர்த் தட்டோடு வரிசையாக நின்ற அத்தைமார், இன்றைக்கு இல்லாத அப்பாருவின் சிரிப்பு, எல்லாம் அந்த டப்பாவுக்குள்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது காலேஜ் போகிறார்கள். போனோ வருஷத்துக்கு வருஷம் செத்துக்கொண்டு வருகிறது. பேட்டரி உப்புகிறது, சார்ஜர் துளை தளர்கிறது, அதற்கான ஒயர் கடையில் கிடைப்பது அருகிப் போகிறது.

கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இட்லி மாவுக்கு உளுந்து பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. பிள்ளைகள் ஊரில் இல்லாவிட்டாலும் நாமே செய்யலாம். கம்ப்யூட்டரும் புதிதாக வாங்க வேண்டாம். 2011 முதல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு கொடுத்ததே விலையில்லா மடிக்கணினி, அது வீட்டில் தூசி படிந்து கிடந்தால் எடுத்துத் துடையுங்கள். பழைய போனுக்குப் பழைய லேப்டாப்தான் நல்ல சிநேகிதி. ஒரே காலத்து ஆட்கள் அல்லவா!

முதல் வேலை பேட்டரியைப் பார்ப்பது. பின் மூடியைத் திறந்து பேட்டரியைக் கையில் எடுங்கள். சமதளமான மேஜை மேல் வைத்து லேசாக ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். தேய்ந்து நின்றால் நல்லது. பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே கூடாது. ஊசியால் குத்துவது, அமுக்கிப் பார்ப்பது, அடுப்பு எரியும் சமையல் அறையில் வைப்பது எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் லேசில் அணையாது. குப்பையிலும் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நான் பயமுறுத்துவதாக எண்ண வேண்டாம். 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனியே முன்வந்து ஓர் அறிவிப்புக் கொடுத்தது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த பி.எல்-5சி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகிவிடக் கூடும், கேட்டால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். எத்தனை பேட்டரி தெரியுமா? 4 கோடியே 60 லட்சம்! உங்கள் டப்பாவில் இருப்பதும் அந்தக் காலத்துப் பேட்டரியாக இருக்கலாம்.

அதே அளவில் புதுப் பேட்டரி வாங்குவது கஷ்டமில்லை. பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். பி.எல்-5சி என்றால் இன்றும் சின்ன எஃப்.எம். ரேடியோவுக்கும் பக்திப் பாட்டுப் பெட்டிக்கும் அதைத்தான் போடுகிறார்கள். காந்திபுரத்திலோ ஒப்பணக்கார வீதியிலோ பேட்டரி விற்கும் கடையில் விசாரித்தால் எடுத்துக் கொடுப்பார்கள். சார்ஜரில் நோக்கியாவுக்குக் குண்டு பின், சின்னப் பின் என்று இரண்டு ரகம் உண்டு. போனையே கையில் கொண்டு போய் மாட்டிப் பார்த்து வாங்குவது உத்தமம். வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த போன், சார்ஜில் போட்டதும் கண் விழிக்காது. அரை மணி நேரம் பொறுங்கள். பக்கத்திலேயே இருங்கள், ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

போன் உயிர் பெற்றதா? "சிம்மைப் போடு" என்று சொல்லி மேலே போக மறுக்கும் சில போன்கள். ஏதாவது ஒரு பழைய சிம்மைச் செருகினால் போதும். பாதுகாப்பு எண் கேட்டால், வீட்டில் யாரும் மாற்றாமல் இருந்திருந்தால் நோக்கியாவில் அது 12345. கேட்டவுடன் பொறுமை இழந்து ரீசெட் பண்ணப் போய்விடாதீர்கள். எதை எடுக்க வந்தோமோ அதுவே துடைத்துக்கொண்டு போகலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்த ஒன்று தெரியாமல்தான் பாதிப் பேர் "ஒண்ணுமே காணோம்" என்று போனை மூடி வைத்துவிடுகிறார்கள். ஒரு பழைய போனில் பொருள்கள் மூன்று இடத்தில் இருக்கும். சிம்மில் கொஞ்சம், போனின் சொந்த வயிற்றில் கொஞ்சம், மெமரி கார்டில் கொஞ்சம். நாம் அரிசிப் பானையில் கொஞ்சம், அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம், முந்தானை முடிச்சில் கொஞ்சம் என்று காசு வைத்தது போல! ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெண். சோமனூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். நோக்கியா 3110 கிளாசிக் என்ற போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தாள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தேனுங்க்கா. சினிமாப் பாட்டெல்லாம் வருது. எங்கம்மா பாடுனத மட்டும் காணமுங்."

"அம்மா பாடுனதா? எப்பப் புடிச்சது, அம்மிணி?"

"பையன் பொறந்து மூணாம் மாசமுங். தொட்டிலை ஆட்டிக்கிட்டே பாடுனாங்க. 2009-லங். அடுத்த வருசமே அம்மா போயிட்டாங்க. போன்ல போட்டாக் கேக்குதுங்க்கா. ஆனா அந்தப் போன் பத்து நிமிசந்தான் தாங்குது, அப்பறம் அணைஞ்சு போகுது."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது இந்த ரகப் போன்கள் மெமரி கார்டை மட்டும்தான் திறந்து காட்டும். கடையில் ஏற்றிய சினிமாப் பாட்டு கார்டில் இருந்தது. அம்மாவின் குரல் பதிவானது போனின் சொந்த மெமரியில். கம்ப்யூட்டரில் எத்தனை தேடினாலும் அது எப்படிக் கிடைக்கும்? ஒயரைக் கழற்றிவிட்டு, போனிலேயே கேலரிக்குள் போய், ரெக்கார்டிங்ஸ் என்ற பகுதியில் அந்தப் பதிவைப் பிடித்து, ஆப்ஷன்ஸை அழுத்தி மெமரி கார்டுக்கு ஒரு காப்பி போட்டோம். மறுபடி ஒயரை மாட்டினால் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்துகொண்டது! முழுசாக ஒரு நிமிஷம் கூட இல்லை. பின்னால் தறி ஓடுகிற சத்தம், நடுவில் ஒரு இருமல், குழந்தையின் சிணுங்கல். அவள் மூன்று தடவை கேட்டாள். நான் காப்பி கலக்கப் போய்விட்டேன்.

ஆகவே ஒயரைத் தேடும் முன்னால் போனுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இமேஜஸ், வீடியோ, ரெக்கார்டிங்ஸ் ஆகிய மூன்றையும் திறந்து, போன் மெமரியில் இருப்பதையெல்லாம் கார்டுக்குக் காப்பி செய்துவிடுங்கள். கார்டே இல்லை, ஆனால் கார்டு போடும் இடம் இருக்கிறது என்றால் ஒரு சின்ன மைக்ரோ எஸ்.டி. கார்டு போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்துப் போன்களில் பல, 2 ஜி.பி.க்கு மேல் போட்டால் ஏற்காது. பெரிய கார்டு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம்.

கார்டுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கார்டைக் கழற்றி, கார்டு ரீடர் என்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறதே, அதில் செருகிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். என் அபிப்பிராயத்தில் ஒயரைவிட இதுதான் சுலபம். போன் நடுவில் அணைந்து போகும் தொல்லையும் இல்லை. ஒரு சங்கடம்: எல்லாக் கார்டும் ஒரே அளவில்லை. நோக்கியா 6600-ல் போட்டது எம்.எம்.சி., என்73-ல் மினி எஸ்.டி., சோனி எரிக்சனில் எம்2 என்று தனி ரகம். இவை இன்றைய ரீடர்கள் பலவற்றில் நுழையாது. பலவந்தமாகத் திணித்து உடைத்துவிடாதீர்கள். அதற்கு ஒயர்தான் வழி, அல்லது புளூடூத்.

ஒயர் விஷயத்துக்கு வருவோம். "சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல தெரியலையே" என்று பலர் கேட்கிறார்கள். ஒயரைப் பிளந்து பார்த்தால் காரணம் தெரியும். யு.எஸ்.பி. ஒயருக்குள் நாலு கம்பி இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. வெள்ளையும் பச்சையும் விஷயத்தைக் கொண்டு போக. மலிவாக விற்கும் ஒயர்களில் முதல் இரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். கடையில் வாங்கும்போது "டேட்டா கேபிள் கொடுங்க" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். பிளந்து பார்க்க வேண்டாம், சும்மா சொன்னேன்!

பழைய நோக்கியாவின் வட்டப் பின் துளை சார்ஜுக்கு மட்டும். அதன் வழியே போட்டோ வராது. பக்கத்தில் நீளமாய், பல் வரிசை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதற்குப் பாப்-போர்ட் என்று பெயர். சி.ஏ-42 அல்லது சி.ஏ-53 என்ற கேபிள் வேண்டும், எந்த மாடலுக்கு எது என்று கேட்டு வாங்குங்கள். புதுசாக வருவதில்லை, பழைய சரக்கு வைத்திருக்கும் கடையில் தேட வேண்டும். 3110 கிளாசிக்கில் மினி யு.எஸ்.பி.. பழைய டிஜிட்டல் கேமராவின் ஒயர் வீட்டில் இருந்தால் அதுவே பொருந்தும். 5130 போன்ற பின்னால் வந்த மாடல்களில் மைக்ரோ யு.எஸ்.பி., முந்தைய டச் போன்களுக்குப் போட்ட அதே ஒயர்.

ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு துளை வைத்து நம்மை அலைக்கழித்தார்களே என்று கோபம் வருகிறதல்லவா? நமக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே வந்தது. ஐரோப்பாவில் சட்டமே போட்டு, 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அங்கே விற்கும் போன்களுக்கெல்லாம் டைப்-சி என்ற ஒரே துளைதான் என்று ஆக்கிவிட்டார்கள். இன்னொரு சேதியும் சொல்கிறேன். 1996-ல் வந்த இந்த யு.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் அஜய் பட் என்ற இந்தியர், பரோடாவில் படித்தவர். வீட்டில் கம்ப்யூட்டரோடு ஒரு பிரிண்டரை இணைக்க வீட்டார் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாருங்கள், வீட்டுக் கஷ்டத்திலிருந்துதான் பெரிய பெரிய யோசனைகள் பிறக்கின்றன!

ஒயரை மாட்டியதும் போனின் திரையில் ஒரு கேள்வி வரும். அதைப் பார்க்காமல் விட்டால் வேலை நடக்காது. நோக்கியாவில் நோக்கியா மோட், பிரிண்டிங், மாஸ் ஸ்டோரேஜ் என்று கேட்கும். மாடலுக்கு மாடல் வார்த்தை கொஞ்சம் மாறும், சிலவற்றில் டேட்டா ஸ்டோரேஜ் என்றிருக்கும். நாம் அழுத்த வேண்டியது அந்த ஸ்டோரேஜ் என்பதை. அலறுகிற ஸ்பீக்கரும் இரண்டு சிம்முமாக வந்ததே சைனா செட், ஞாபகம் இருக்கிறதா? அது மாஸ் ஸ்டோரேஜ், வெப்கேம், காம் போர்ட் என்று கேட்கும். அதிலும் முதலாவதுதான். டச் போனாக இருந்தால் முதலில் பூட்டைத் திறந்து, மேலிருந்து திரையை இழுத்து, சார்ஜிங் என்று இருப்பதைத் தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று மாற்ற வேண்டும். பூட்டிய போன் வெறும் காலி டப்பாவாகத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

இப்போது கம்ப்யூட்டரில் மை கம்ப்யூட்டர் அல்லது திஸ் பி.சி. என்பதைத் திறந்தால் புதிதாக ஒரு டிரைவ் தெரியும். அதற்குள் இமேஜஸ், வீடியோஸ், டி.சி.ஐ.எம். என்று அறை அறையாக இருக்கும். டெஸ்க்டாப்பில் முதலில் ஒரு புது ஃபோல்டர் போட்டுப் பெயர் வையுங்கள். 'நியூ ஃபோல்டர்' என்றே விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. 'அப்பா போன் 2010' என்பது போல இருக்கட்டும். பிறகு டிரைவில் இருப்பதையெல்லாம் கன்ட்ரோலோடு ஏ, கன்ட்ரோலோடு சி, புது ஃபோல்டருக்குள் வந்து கன்ட்ரோலோடு வி. அவ்வளவுதான். கட் என்பதைத் தொடவே தொடாதீர்கள்! பாதி வழியில் போன் அணைந்தால் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போய்விடும். காப்பி என்றால் மூலம் அங்கேயே இருக்கும்.

முடிந்ததும் எண்ணிக்கை பாருங்கள். சீர்த் தட்டு எண்ணுவது போலத்தான். பழைய இடத்தில் வலது பக்க பட்டனை அழுத்திப் பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் இத்தனை ஃபைல், இத்தனை எம்.பி. என்று வரும். புது ஃபோல்டரிலும் அதே எண் வருகிறதா? ஐந்தாறு போட்டோவையும் ஒரு வீடியோவையும் திறந்தும் பார்த்துவிடுங்கள். பிறகு 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு ஒயரைப் பிடுங்குங்கள்.

கார்டை மாட்டியதும் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் கார்டைக் கழுவி விடு என்று நீங்களே சொன்னதாகும். கார்டின் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். முன்னே எப்போதோ தவறி அழித்த போட்டோ என்றாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். அழிப்பது என்றால் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான். பக்கங்கள் உள்ளே இருக்கும், அதன் மேல் புதிதாக எதையும் எழுதாத வரைக்கும். ஆகவே அந்தக் கார்டில் புதுசாக ஒரு படம் கூட எடுக்காமல் தனியே வைத்து, தெரிந்தவர்களிடம் மீட்கக் கொடுங்கள்.

காப்பி ஆன பிறகு குரல் பதிவைத் திறந்தால் "என்னால் முடியாது" என்று கம்ப்யூட்டர் சொல்லக் கூடும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய போன்கள் குரலை ஏ.எம்.ஆர். என்ற முறையிலும் வீடியோவை 3ஜி.பி. முறையிலும் சேர்த்து வைத்தன. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருள் இரண்டையும் பாடவைத்துவிடும். போட்டோவிலும் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கால வி.ஜி.ஏ. கேமரா எடுத்தது 640-க்கு 480 புள்ளிகள் மட்டுமே. தபால் கார்டு அளவு வரை பிரிண்ட் போடலாம், அதற்கு மேல் பெரிசாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

போன் நம்பர்களும் எஸ்.எம்.எஸ்.களும் இந்த வழியில் வராது. நம்பர்களைப் போனிலேயே கான்டாக்ட்ஸில் காப்பி கொடுத்துச் சிம்முக்கு மாற்றுங்கள். சிம்மைப் புதுப் போனில் போட்டு, அங்கே சிம்மிலிருந்து இம்போர்ட் கொடுத்தால் ஆயிற்று. சிம் எண் செத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை. நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் ஏர்செல் இருந்தது! 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி 2018-ல் மூடிப் போன கம்பெனி. அந்தச் சிம்மில் பேச முடியாதே தவிர, அதில் எழுதி வைத்த நம்பர்களைப் படிக்க முடியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு நோக்கியாவே பி.சி. சூட் என்று ஒன்று கொடுத்தது. போன் வாங்கிய பெட்டிக்குள் ஒரு சி.டி. வந்திருக்கும், பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தால் தேடுங்கள். முதலில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஒயரை மாட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் அடையாளம் தெரியாது. விண்டோஸ் 7 வரைக்கும் நன்றாக ஓடும். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன பிறகு அதைக் கவனிக்க ஆளில்லை. இன்டர்நெட்டில் கண்ட இடத்தில் கிடைப்பதை இறக்காதீர்கள், கூடவே வைரஸ் வரும். பத்து இருபது மெசேஜ்தான் என்றால் இத்தனை பாடே வேண்டாம். ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துப் புதுப் போனால் திரையைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

புளூடூத் உள்ள போனாக இருந்தால் ஒயர் இல்லாமலே ஒவ்வொன்றாக அனுப்பலாம். ரகசிய எண் கேட்டால் இரண்டு பக்கமும் 0000 என்று அடியுங்கள். அனுப்புகிற இடம் ஆண்ட்ராய்டு போனாகவோ லேப்டாப்பாகவோ இருக்க வேண்டும். பையன் ஐபோன் வைத்திருந்தால் அது இப்படி வருவதை வாங்கிக்கொள்ளாது. விலை அதிகம், கௌரவமும் அதிகம்!

நோக்கியா 1100 வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். 2003-ல் வந்தது, உச்சியில் டார்ச் வைத்தது. ராத்திரி மூன்று ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டுத் தண்ணி கட்டப் போன எத்தனை பேருக்கு வெளிச்சம் காட்டியது! அதில் கேமராவும் இல்லை, கார்டும் இல்லை, ஒயர் துளையும் இல்லை. சிம் வழியாக நம்பர்களை எடுப்பதோடு சரி. வேறு ஏதாவது போனில் குரல் பதிவு இருந்து, வெளியே கொண்டு வர வழியே இல்லாவிட்டால், ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பக்கத்தில் புதுப் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால் தெளிவாக வரும்.

"இவ்வளவு எதுக்குங், கடைல குடுத்தா அஞ்சு நிமிசத்துல ஏத்திக் குடுத்துருவாங்க" என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் பாட்டு ஏற்றி வாங்கி வந்தோம். பாட்டு உள்ளே போனது சரி. நம் கார்டில் இருந்த படங்கள் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? கடைக்காரர்களைக் குறை சொல்லவில்லை, யோக்கியமானவர்களே அதிகம். ஆனாலும் வயசுப் பெண்ணின் படம், குழந்தையைக் குளிப்பாட்டும் படம், ஆதார் கார்டைப் பிடித்த படம் எல்லாம் இருக்கும் பெட்டி அது. திரையோ துளையோ ரிப்பேர் என்று கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சிம்மையும் கார்டையும் கழற்றிக்கொண்டு வெறும் போனைக் கொடுங்கள். படம் எடுத்துத் தர வேண்டுமென்றால் பக்கத்திலேயே உட்காருங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? நகைக் கடையில் தாலிக் கொடியை உருக்கும்போது எழுந்து போவோமா?

தெருவில் "பழைய செல்போனுக்குப் பக்கெட்" என்று கூவி வருகிறவர்களிடம் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2024-ல் தெலங்கானாவின் ராமகுண்டத்தில் இப்படி வீடு வீடாகப் பழைய போன் வாங்கியவர்களைப் போலீசார் பிடித்தபோது ஏறக்குறைய 4,000 போன்கள் அகப்பட்டன. இணைய மோசடிக்காரர்களுக்கு அனுப்பத்தான் சேர்த்தார்கள் என்பது போலீசார் சொன்ன விஷயம். ஒரு பக்கெட்டுக்குக் கொடுக்கிற விலையா இது?

கம்ப்யூட்டரில் ஏற்றியதோடு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அந்த லேப்டாப்பும் ஒரு நாள் படுத்துக்கொள்ளும். அதே ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துத் தனியே வையுங்கள். இன்னொரு காப்பி கட்டிக் கொடுத்த பெண் வீட்டிலோ, தங்கை வீட்டிலோ இருக்கட்டும். குரல் பதிவுக்கு யார், எந்த வருஷம், எந்த வீட்டில் என்று பெயரை மாற்றி எழுதிவிடுங்கள். போட்டோவில் நிற்பவர்களின் பெயரையும் மாமியாரை உட்கார வைத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களுக்கும் ஒரு சாயங்காலம் சந்தோஷமாகப் போகும். யார் யாருக்கு என்ன முறை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்த போனை மறுபடி டப்பாவில் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றி, தனியே ஒரு துணியில் சுற்றி வையுங்கள். கார்டைச் சின்னக் கவரில் போட்டு, மேலே போனின் பெயரை எழுதி ஒட்டுங்கள். ஒற்றைத் தோட்டுக்கு ஜோடி கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.